துப்பாக்கி சுடும்போது காதைக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுடப் பழகுகிறவர்கள், அவர்களோடு கூடப் போய் நிற்கிறவர்கள், பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கடையில் எதை வாங்கலாம் என்பதில்தான் பெரும்பாலோருக்கு ஆர்வம். வாங்கியதை எப்படி மாட்டுவது என்று கேட்பவர்கள் குறைவு. அதனால் அந்தக் கேள்விக்கு மட்டும் இங்கே பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

ஒரே ஒரு தோட்டாதான் சுடப்போகிறேன். அதற்குமா காதை மூட வேண்டும்?

ஆமாம், அதற்கும்தான். ஆலை இரைச்சல் காதைக் கெடுக்க வருஷக்கணக்கில் ஆகும். துப்பாக்கிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை, ஒரே வெடியில் நிரந்தரச் சேதம் வரலாம்.

திடீர் வெடிச்சத்தத்தின் உச்சம் காதருகே 140 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது பல நாடுகளின் பணியிட விதிகளில் இருக்கும் வரம்பு. சின்னது என்று நாம் அலட்சியமாக நினைக்கும் .22 ரைஃபிளே அந்த வரம்பை ஒட்டித்தான் நிற்கிறது. 9 மி.மீ. பிஸ்டல் கிட்டத்தட்ட 160. 12 போர் ஷாட்கன்னும் பெரிய ரைஃபிள்களும் 150-க்கும் 165-க்கும் நடுவில் எங்கேயாவது வரும், சில அதற்கும் மேலே போகும்.

140-க்கும் 160-க்கும் இருபதுதானே வித்தியாசம் என்று தோன்றும். டெசிபல் கணக்கு கூட்டல் கணக்கு அல்ல, பெருக்கல் கணக்கு. இருபது டெசிபல் கூடினால் காற்றழுத்தம் பத்து மடங்கு ஆகிறது. 140 டெசிபலில் செவிப்பறையை 200 பாஸ்கல் அழுத்தம் தாக்குகிறது, 160-ல் அதுவே 2,000 பாஸ்கல்.

பெரிய சத்தம் வந்தால் காது தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்கிறார்களே?

காத்துக்கொள்ளப் பார்க்கும், ஆனால் தாமதமாக. நடுச்செவியில் ஸ்டேபீடியஸ் என்ற குட்டித் தசை இருக்கிறது. உரத்த சத்தம் கேட்டால் அது இறுகி, உள்ளே போகும் ஒலியைக் குறைக்கும். அது இறுகத் தொடங்கவே 25 மில்லிவினாடியாவது ஆகும், முழுதாக இறுக 100-க்கும் மேல். துப்பாக்கி வெடியின் உச்சமோ ஒரு மில்லிவினாடிக்குள் வந்து போய்விடுகிறது. தசை விழித்துக்கொள்ளும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

“எனக்குப் பழகிப்போச்சு” என்று சொல்கிற பழைய ஆட்களின் காது பழகியதாக அர்த்தம் இல்லை. கேட்கும் திறன் குறைந்ததால் சத்தம் சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

உள்ளே சரியாக எதுதான் கெட்டுப்போகிறது?

உட்செவியில் காக்ளியா என்ற சுருள் குழாய்க்குள் மயிர் செல்கள் இருக்கின்றன. ஒரு காதுக்கு வெளி வரிசைகளில் சுமார் 12,000, உள் வரிசையில் சுமார் 3,500. ஒலியின் அசைவை நரம்புச் சமிக்ஞையாக மாற்றுபவை இவைதான். பலத்த வெடியில் அவற்றின் நுனி மயிர்கள் முறிகின்றன, சில செல்கள் அடியோடு செத்துப்போகின்றன. பறவைகளுக்கு இந்தச் செல்கள் மறுபடி முளைக்கும். நமக்கு முளைக்காது, முளைக்க வைக்கும் என்று அங்கீகாரம் பெற்ற மருந்தும் கிடையாது.

முதலில் அடிபடுவது கீச்சென்ற ஒலிகளைக் கேட்கும் பகுதி, அதாவது அதிர்வெண்ணில் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி, குறிப்பாக 4,000-ஐ ஒட்டிய இடம். உயிரெழுத்துகளின் கனமான ஒலி இதற்குக் கீழே இருப்பதால் அது தப்பித்துவிடும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக்காட்டும் கூர்மையான ஒலிகளில் பெரும்பகுதி இந்த மேல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே பட்டம், கட்டம், சட்டம் மூன்றும் ஒரே மாதிரி கேட்கத் தொடங்கும். யாரோ பேசுவது நன்றாகக் கேட்கும், என்ன பேசினார் என்பதுதான் பிடிபடாது. காதில் கோளாறு என்று அப்போதும் தோன்றாது. எல்லோரும் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்று எதிரில் இருப்பவர்மேல்தான் எரிச்சல் வரும்.

சுட்டு முடித்ததும் காது கொய்ங் என்கிறது. மறுநாள் சரியாகிவிடுகிறதே, அப்புறம் என்ன?

அந்த ரீங்காரமும் காது அடைத்த உணர்வும் வரம்பு மீறிவிட்டது என்பதற்கு அடையாளம். சில மணி நேரத்திலோ இரண்டொரு நாளிலோ கேட்கும் திறன் மீண்டதாகத் தெரியலாம். ஆனால் கேட்கும் அளவு முழுதும் திரும்பிய பிறகும், மயிர் செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகள் பல நிரந்தரமாக அறுந்திருந்ததை 2009-ல் எலிகளில் நடந்த ஆய்வு ஒன்று காட்டியது. சாதாரணக் காதுப் பரிசோதனையில் இது தெரியாமலே போகலாம்.

ரீங்காரம் ஒருநாள் போகாமல் தங்கிவிடுவதும் உண்டு. அதை அடியோடு நிறுத்தும் மருந்து இல்லை. மெல்லிய பின்னணி ஒலி, மனநல ஆலோசனை போன்றவற்றால் அதோடு வாழப் பழகிக்கொள்ளலாம். ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு படுக்கையில் கேட்டுக்கொண்டே இருக்கும் அந்த ஒலி, செவிட்டுத்தன்மையைவிட மோசம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கு இடது காது மட்டும் அதிகம் மந்தமாக இருக்கிறது. ஏன்?

நீங்கள் வலது தோளில் ரைஃபிளோ ஷாட்கன்னோ வைத்துச் சுடுபவராக இருந்தால் இது எதிர்பார்த்ததுதான். கன்னத்தைத் துப்பாக்கியின் பின்பக்கக் கட்டையில் பதிக்கும்போது தலை சாய்ந்து, இடது காது குழல்முனையைப் பார்த்தபடி வருகிறது. வலது காது தலையின் மறைவில் ஒதுங்கிவிடுகிறது. இடதுகைக்காரர்களுக்கு நேர்மாறு. கையை நீட்டிப் பிஸ்டல் சுடுபவர்களிடம் இந்த வித்தியாசம் அவ்வளவாக இருக்காது.

இயர் பிளக் நல்லதா, இயர் மஃப் நல்லதா?

பிளக் என்பது காதுத் துளைக்குள் செருகும் அடைப்பான், மஃப் என்பது தலையில் மாட்டிக் காதை வெளியே மூடும் கிண்ணம். சரியாக மாட்டிய எதுவும் நல்லது. முதல் நாள் வருகிறவருக்கு மஃப்தான் கொடுப்பேன். தலையில் போட்டால் போட்டதுதான், தவறு செய்ய இடம் குறைவு, ஒழுங்காகப் போட்டிருக்கிறாரா என்று தூரத்திலிருந்தே தெரியும். நுரை பிளக் சரியாக உட்கார்ந்தால் மஃப்பைவிட அதிகம் தடுக்கும், உட்காராவிட்டால் கிட்டத்தட்ட ஒன்றுமே தடுக்காது.

காதின் அச்செடுத்துச் செய்யும் பிளக்குகள் நீண்டகாலம் சுடுபவர்களுக்கு வசதி. அச்செடுக்கும்போதே துப்பாக்கிக்காக என்று சொல்லிவிடுங்கள். இசைக்கலைஞர்களுக்கான பிளக் பார்க்க இதே போலத்தான் இருக்கும், ஆனால் அது தடுக்கும் அளவு குறைவு.

பெட்டியில் என்.ஆர்.ஆர். 33 என்று போட்டிருக்கிறது. 160-ல் 33 போனால் 127, சரிதானே?

இல்லை. என்.ஆர்.ஆர். என்பது கவசம் எத்தனை டெசிபல் தடுக்கும் என்று சொல்லும் எண். அந்த எண் ஆய்வகத்தில், பயிற்சி பெற்ற ஆள் ஒழுங்காக மாட்டிவிட்ட நிலையில், சீரான ஒலியை வைத்து எடுத்தது. வெடிச்சத்தத்துக்கு அந்தக் கழித்தல் அப்படியே பொருந்தாது, உங்கள் காதில் அது அப்படி உட்காரவும் போவதில்லை. அமெரிக்காவில் பணியிட உடல்நல ஆய்வுகளை நடத்தும் நியோஷ் நிறுவனம் 1998-ல் ஒரு தோராயக் கணக்குச் சொன்னது: மஃப் என்றால் எண்ணில் கால் பங்கைத் தள்ளு, நுரை பிளக் என்றால் பாதியைத் தள்ளு, மற்ற பிளக்குகள் என்றால் எழுபது சதவீதத்தைத் தள்ளு. அப்படிப் பார்த்தால் 33 போட்ட நுரை பிளக் நடைமுறையில் 16 சொச்சம், 25 போட்ட மஃப் 19-க்குப் பக்கம். பெட்டியில் சின்ன எண் போட்டது ஜெயித்துவிடுகிறது.

ஐரோப்பியப் பெட்டிகளில் எஸ்.என்.ஆர். என்று இருக்கும். அதே பொருளுக்கு அந்த எண் சற்றுப் பெரிதாக வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

நுரை பிளக்கை எப்படித்தான் மாட்டுவது?

முதலில் கையைக் கழுவுங்கள். தோட்டாவைத் தொட்ட விரலில் ஈயம் ஒட்டியிருக்கும், அந்த விரலால் உருட்டியதைக் காதுக்குள் விடுவது நல்லதல்ல.

பிளக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல உருட்டி, மெலிந்த குச்சியாக்க வேண்டும். பிசைந்து நசுக்கினால் மடிப்பு விழும், மடிப்பின் வழியாகச் சத்தம் போகும். வலது காதில் வைக்க வலது கையில் பிளக், இடது கை தலைக்கு மேலாக வந்து வலது காது மடலின் மேல்நுனியைப் பிடித்து மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும். இந்த இழுப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காதுத் துளை நேர் குழாய் அல்ல, வளைந்து போகிறது. இழுத்தால்தான் ஓரளவு நேராகும். இழுத்த நிலையிலேயே பிளக்கை உள்ளே தள்ளி, விரல் நுனியால் அதன் முனையை அப்படியே பிடித்துக்கொண்டு முப்பது வரை வாய்விட்டு எண்ணுங்கள். எண்ண எண்ண உங்கள் குரலே உங்களுக்குக் கனத்து, மூடிக்கொண்டு வருவது தெரியும். தெரியவில்லை என்றால் அடைபடவில்லை. எடுத்துவிட்டு மறுபடி உருட்டுங்கள். உள்ளே இருப்பதையே விரலால் அழுத்தி அழுத்திச் சரிசெய்யப் பார்ப்பது வீண்வேலை.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஒரு வழி: சுற்றிலும் இரைச்சல் இருக்கும்போது இரண்டு உள்ளங்கையாலும் காதுகளை இறுக்கி மூடுங்கள், எடுங்கள். மூடினாலும் எடுத்தாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பிளக் வேலை செய்கிறது. மூடியதும் சத்தம் நன்றாகக் குறைந்தால் பிளக் கசிகிறது. கண்ணாடியில் நேராகப் பார்த்தால் பிளக் காதிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கக்கூடாது.

இந்த விஷயத்தில் ‘முக்கால்வாசி உள்ளே போயிருக்கிறது’ என்பதற்கு மதிப்பே கிடையாது. கொசுவலையில் ஒரு கிழிசல் போதும் என்கிற கதைதான்.

தாடை அசைய அசைய பிளக் மெல்ல வெளியே வரும். பேசினாலும் ஏதாவது மென்றாலும் மறுபடி சரிபாருங்கள். சிலருக்கு எந்த நுரையும் நிற்காது. காதுத் துளை சின்னதாக இருக்கலாம், சிறிய அளவு பிளக் தனியாகக் கிடைக்கிறது.

மஃப் போட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லைதானே?

வேறு தொல்லை இருக்கிறது. மஃப்பின் மெத்தை, காதைச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் தோலில் படிய வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியின் தடித்த காம்பு, தொப்பி விளிம்பு, காதைச் சுற்றிய முடி, தொங்கும் கம்மல் எல்லாம் அதைத் தூக்கிவிடும். கண்ணாடியைக் கழற்றுவது கூடவே கூடாது, காம்பு மெலிந்த கண்ணாடியாகப் பாருங்கள்.

ரைஃபிள்காரர்களுக்கு இன்னொரு சிக்கல். கன்னத்தைக் கட்டையில் பதிக்கும்போது தடித்த மஃப்பின் கீழ்விளிம்பு கட்டையில் இடித்து மேலே எழும். சரியாக விசையை அழுத்தும் அந்த நொடியில் காது திறந்துவிடும். ஒல்லியான மஃப் வாங்கினால் இடிக்காது, ஆனால் தடுப்பும் குறையும். அதற்கு வழி, உள்ளே நுரை பிளக், வெளியே ஒல்லி மஃப்.

மெத்தை விறைத்தாலோ வெடித்தாலோ மெத்தையை மட்டும் மாற்றலாம். வெயிலில் காருக்குள் கிடக்கும் மஃப்புக்கு இது சீக்கிரமே வரும்.

இரண்டையும் சேர்த்துப் போட்டால் 33-ம் 25-ம் சேர்ந்து 58 கிடைக்குமா?

கிடைக்காது. பெரிய எண்ணோடு சுமார் 5 கூட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். காதுகளை முற்றிலும் அடைத்தாலும் மண்டை ஓட்டின் வழியாக ஒலி உட்செவிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும், அதைத் தாண்டி எந்தக் கருவியும் தடுக்க முடியாது. இருந்தாலும் இரண்டும் போடுவதைத்தான் சிபாரிசு செய்வேன். அந்த 5 ஒரு காரணம். ஒன்று நழுவினாலும் மற்றொன்று இருக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். உள்ளரங்கத்தில் சுடுபவர்களும் பெரிய ரைஃபிள்காரர்களும் இதில் யோசிக்கவே வேண்டாம்.

எலக்ட்ரானிக் மஃப் வாங்கலாமா?

பணம் இருந்தால் வாங்குங்கள். வெளியே உள்ள மைக் பேச்சை உள்ளே கொடுக்கும், ஒலி சுமார் 82–85 டெசிபலைத் தொட்டதும் அதைக் குறைத்துவிடும் அல்லது வெட்டிவிடும். உண்மையில் வெடியைத் தடுப்பது மின்சுற்று அல்ல, கிண்ணமும் மெத்தையும்தான். அதனால் பேட்டரி தீர்ந்தாலும் அது சாதாரண மஃப்பாக வேலை செய்யும்.

இதன் பெரிய லாபம், சுடுதளத்தில் “நிறுத்து” என்ற உத்தரவு காதில் விழுவது. சாதாரண மஃப் போட்டவர் பக்கத்து ஆள் பேசுவதைக் கேட்க ஒரு பக்கத்தைத் தூக்குவார், அந்த நேரம் பார்த்து அடுத்த லேனில், அதாவது பக்கத்தில் சுடும் இடத்தில், யாராவது சுடுவார். எலக்ட்ரானிக் மஃப்பில் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே நுரை பிளக் போட்டு, மேலே இதை மாட்டி ஒலியைக் கூட்டி வைத்தால் இரட்டைப் பாதுகாப்போடு பேச்சும் கேட்கும். சின்னச் சரசரப்பும் கேட்க வேண்டிய வேட்டைக்காரர்கள் காதைத் திறந்தே வைத்திருப்பதற்கு இனிமேல் சாக்கு இல்லை.

போட்டிக்குப் போகிறவர்கள் மட்டும் கவனிக்க: சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிகள் ஒலியை வாங்கித் தரும் கருவி உள்ள காதுக் கவசங்களைப் போட்டியாளர்களுக்கு அனுமதிப்பதில்லை. சாதாரண மஃப்போடும் பழகி வையுங்கள்.

பஞ்சு வைத்தால் போதுமா?

போதாது. டிஷ்யூ பேப்பர், காலித் தோட்டா உறை எதுவும் போதாது. பாட்டுக் கேட்கும் இயர்பட்டும் அப்படித்தான். சத்தத்தைக் குறைக்கும் வசதி அதில் இருப்பது விமான இரைச்சல் மாதிரியான சீரான ஒலிக்கு, வெடிக்கு அல்ல.

உள்ளரங்கில் சத்தம் ஏன் அதிகமாகத் தெரிகிறது?

தெரிவது மட்டுமல்ல, காதுக்குச் சேரும் மொத்த ஒலியும் அதிகம்தான். திறந்த வெளியில் வெடி ஒருமுறை கடந்து போய்விடும். கான்கிரீட் சுவர், தரை, கூரை நடுவே அது திரும்பத் திரும்ப மோதி வரும், போதாததற்கு பக்கத்து லேன்களின் வெடியும் சேரும். உள்ளே நுழையும் கதவைத் திறப்பதற்கு முன்பே காதை மூடிவிடுங்கள், வெளியே வந்து கதவு சாத்திய பிறகு எடுங்கள். சும்மா வேடிக்கை பார்க்க வந்தவருக்கும் இதுதான் விதி. நாள் முழுக்க அங்கேயே நிற்கும் பயிற்சியாளர்தான் எல்லோரையும்விட அதிக வெடியை வாங்குகிறார்.

சைலன்சர் போட்டால் சினிமாவில் வருகிற மாதிரி ‘புஸ்’ என்றுதானே கேட்கும்?

கேட்காது. நல்ல சைலன்சர் பொதுவாக 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். 160-க்கு மேல் இருந்தது 130-ஐ ஒட்டி வரும், அதுவும் பெரிய சத்தம்தான். தோட்டா ஒலியைவிட வேகமாக, அதாவது வினாடிக்கு சுமார் 343 மீட்டருக்கு மேல் பாய்ந்தால் அது கிளப்பும் ‘படீர்’ ஒலியைச் சைலன்சர் தொடக்கூட முடியாது. பல நாடுகளில் இதற்கு உரிமம் வேண்டும் அல்லது தடையே இருக்கிறது. கிடைத்தாலும் மஃப்பும் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

குழல்முனையில் மாட்டும் மசில் பிரேக் இதற்கு நேரெதிர். உதைப்பைக் குறைக்க வாயுவைப் பக்கவாட்டிலும் பின்பக்கமும் திருப்பிவிடும், அதோடு சத்தமும் சுடுபவர் பக்கமும் அடுத்த லேன் பக்கமும் திரும்பும். அப்படி ஒன்று பக்கத்தில் இருந்தால் நான் இடம் மாறி நின்றுகொள்வேன்.

ஏர் ரைஃபிளுக்கும் இதெல்லாம் வேண்டுமா?

10 மீட்டர் போட்டி ஏர் ரைஃபிள் 140-க்கு வெகு கீழே. ஆனாலும் வரிசையாகப் பலர் சுடும் மூடிய கூடத்தில் மணிக்கணக்கில் நிற்பவர்கள் மஃப் போடுவது நல்லது. கவனம் சிதறாமல் இருக்கவும் உதவும்.

போனில் டெசிபல் ஆப் வைத்து அளந்தேன், 105-தான் காட்டியது.

போனின் மைக் அதற்கு மேல் வாங்கவில்லை என்று அர்த்தம். மைக்ரோவினாடிகளில் எழும் உச்சத்தைப் பிடிக்கத் தனி மைக்கும் தனிக் கருவியும் வேண்டும்.

பிள்ளையை அழைத்துப் போகலாமா? கர்ப்பிணிகள்?

பெரியவர்களுக்கு 140 என்றால், குழந்தைகளுக்கு 120 டெசிபல் உச்சத்தைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய எல்லாத் துப்பாக்கியும் அதைத் தாண்டும். சின்னத் தலைக்கு அளவான மஃப் வேண்டும். பெரியவர்களின் மஃப்பை இறுக்கிப் போட்டால் தாடைக்குக் கீழே இடைவெளி விழும். ஒழுங்காகப் பொருந்தவில்லை என்றால் அன்றைக்கு அழைத்துப் போகாதீர்கள்.

கர்ப்பிணிகள் சுடுதளத்தைத் தவிர்ப்பதே நல்லது. அம்மாவின் காதில் உள்ள மஃப் வயிற்றுக் குழந்தைக்கு எதுவும் செய்யாது, கனமான தாழ்ந்த ஒலிகள் வயிற்றைத் தாண்டி உள்ளே போகும். ஈயத் தூசியும் இருக்கிறது.

காதை மூடினால் குறி தவறுமா?

நேர்மாறு. வெடிக்குப் பயந்து விசையை அழுத்தும் முன்பே உடம்பு துள்ளுவது புதியவர்களின் முதல் நோய். அதில் பாதிக்கு மேல் சத்தத்தின் வேலை என்பது என் கணிப்பு. இரட்டைப் பாதுகாப்பு போட்டுப் பாருங்கள், இலக்குத் தாளில் தெரியும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

சுடத் தொடங்கும் முன்பே ஒரு ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் பரிசோதனைத் தாள், எடுத்துவையுங்கள், அப்புறம் வருஷம் ஒருமுறை. பழைய தாளும் புதிய தாளும் பக்கத்தில் இருந்தால்தான் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுகிறதா என்று தெரியும். பரிசோதனைக்கு முந்தைய நாள் சுடாதீர்கள், தற்காலிக மந்தம் கணக்கைக் குழப்பும்.

வெடிக்குப் பிறகு ஒரு காது சட்டென்று கேட்காமல் போனாலோ, காதில் வலி, ரத்தம், தலைசுற்றல் இருந்தாலோ, ரீங்காரம் ஒரு நாள் ஆகியும் அடங்காவிட்டாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரை உடனே பாருங்கள். திடீர்ச் செவிட்டுக்குச் சில சமயம் ஸ்டீராய்டு கொடுப்பார்கள், அது சீக்கிரம் தொடங்கினால்தான் பலன். காதில் எண்ணெய், சொட்டு மருந்து எதையும் நீங்களாக விடாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் நேராக நடுச்செவிக்குப் போய்விடும்.

ஏற்கெனவே ஹியரிங் எய்டு போட்டிருக்கிறேன். அதை அணைத்துவிட்டால் பிளக் மாதிரிதானே?

இல்லை. பல எய்டுகளில் காற்றுக்காகத் துளை விட்டிருப்பார்கள், சத்தம் அதன் வழியே தாராளமாகப் போகும். கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு நுரை பிளக்கும் எலக்ட்ரானிக் மஃப்பும் போடுங்கள், அந்த மஃப்பே பேச்சை ஓரளவு கூட்டித் தரும். உத்தரவு அப்படியும் காதில் விழாவிட்டால், சுடத் தொடங்கும் முன்பே தளப் பொறுப்பாளரிடம் சொல்லி, தோளைத் தட்டுவதா கையைக் காட்டுவதா என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.